இன்னும் ரெண்டு சுத்து இருக்கு

ஓடும்போது யாராவது "இன்னும் கொஞ்சந்தான்க்கா" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? நான் ரவிக்கை தைக்கிறவள். "கொஞ்சம் லூசா வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களால்தான் என் தொழிலில் பாதிச் சண்டை வருகிறது. கால் இஞ்சா, அரை இஞ்சா, ஒரு பக்கத்துக்கா, ரெண்டு பக்கமும் சேர்த்தா? அளவைச் சொன்னால் கத்தரி வைக்கலாம். கொஞ்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியக்காலம் ஐந்து மணிக்கு ஓடுகிற கூட்டத்தில், கடைசியாக வருகிற நாலைந்து பேரில் நான் ஒருத்தி. வயது 48. கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் ஒன்பதே முக்கால். வேகமாக நடக்கிறவர்களே சில பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். அதில் ஒருவர் செல்போனில் வட்டிக்கணக்கு பேசிக்கொண்டே தாண்டுவார். ஆரம்பத்தில் அவமானமாக இருந்தது. இப்போது "வாங்கண்ணே" என்று ஒதுங்கி வழிவிடுகிறேன். அவருக்கு என்ன அவசரமோ.

நான் ஓட ஆரம்பித்தது மழையால். 2021-இல் சுகர் டெஸ்ட் எடுத்தபோது மூன்று மாதச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5-ஐத் தொட்டால் சுகர், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காருவீங்க?" என்று கேட்டார். முகூர்த்த மாதம் என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்றேன். எழுதப்போன சீட்டில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டு "நடங்க" என்றார். பக்கத்து வீட்டு மதினியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன். ஐப்பசியில் ஒருநாள் பாதிச் சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் டீக்கடைத் தாழ்வாரத்தைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடினேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அன்றைக்குத்தான் ஓடியிருக்கிறேன். தாழ்வாரத்தில் ஒதுங்கி, தலையைத் துவட்டக் கூட முடியாமல் மூச்சு வாங்கி நின்றபோது மதினி கேட்டார்: "எதுக்குடி சிரிக்கிற?" சிரித்தது எனக்கே தெரியவில்லை.

மறுநாள் மழை இல்லாமலே ஒரு பக்கம் ஓடிப் பார்த்தேன்.

"ஒரு பக்கம்" என்பது எங்கள் அளவு. தெப்பக்குளம் கிட்டத்தட்டச் சதுரம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகராக உட்கார்ந்திருக்கிறார் என்றும் ஊரில் சொல்வார்கள். ஆயிரம் அடி நீளம், தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலம். மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்தால் கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். நாங்கள் ஓடுகிற ஓரத்தில் மகளுடைய போன் 1.25 என்று காட்டுகிறது. ஆக, ஒரு பக்கம் சுமாராக 300 மீட்டர். எட்டுச் சுற்று என்றால் பத்து கிலோமீட்டர். எனக்குக் கிலோமீட்டர் புத்தியில் ஏறாது, சுற்று ஏறும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது குளம் வருஷத்தில் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். சில வருஷமாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது. ஈரக்காற்றுக்கும் நடு மண்டபத்து நிழல் தண்ணீரில் ஆடுவதற்கும் ஒரு சுற்று கூடுதலாக ஓடலாம் என்று தோன்றும். தோன்றும், அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, டீசர்ட் கிடையாது. ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதற்கு மகள் "பைய" என்று பேர் வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் மெதுவாக என்பதற்குப் பைய என்போம். பையப் போனா வையம் தாங்கும் என்பார்கள் இல்லையா, வையம் தாங்குகிறதோ இல்லையோ, முட்டி தாங்குகிறது.

இதில் மூத்தவர் ரயில்வே அண்ணன். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், வயது 67. முப்பது வருஷத்துக்கு மேல் கொடியும் விளக்கும் காட்டிய கை. அதனாலோ என்னவோ, பேச்சு குறைவு. நாலு சுற்று ஓடிவிட்டு, கோயில் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் கடக்கும்போது மிச்சம் எத்தனை சுற்று என்று விரலைத் தூக்கிக் காட்டுவார். மூன்று விரல், ரெண்டு விரல், ஒரு விரல். சாபாஷ், சூப்பர், கமான் எதுவும் கிடையாது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருடைய சுற்றும் அவர் மனசில் இருக்கும்.

கடைசியில் வருகிறவருக்கு அவர் வைத்த பேர் "எல்.வி." முதலில் எனக்குப் புரியவில்லை. கேட்டபோது சொன்னார். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் எல்.வி. என்று ஒரு பலகை மாட்டியிருக்கும், கடைசி வண்டி என்று அர்த்தம். ஸ்டேஷனில் ரயில் கடந்து போகும்போது அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பலகை இல்லையென்றால் பின்னால் எங்கேயோ ரெண்டு பெட்டி கழன்று தண்டவாளத்திலேயே நிற்கலாம். அது தெரியாமல் அடுத்த வண்டியை விட்டால் என்ன ஆகும்? "எல்.வி. பார்க்காம எவனும் லைன் கிளியர் குடுக்க மாட்டான்ம்மா" என்றார். அதனால் எங்கள் கூட்டத்தில் எல்.வி. வந்து சேராமல் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. முதலில் முடித்தவர் திரும்பிப் போய் எல்.வி.யோடு கடைசிச் சுற்றை நடப்பார். ரெண்டு வருஷம் அந்த உத்தியோகம் எனக்குத்தான். இப்போது டீச்சரக்காவிடம் சார்ஜ் கொடுத்திருக்கிறேன்.

டீச்சரக்கா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர். எங்களுக்கு வேகமானியும் அவர்தான். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம், பேச்சு திக்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்களுக்கு டீச்சரக்காவின் மாமியார் கதை. கதை தடையில்லாமல் ஓடினால் எல்லாம் சரி. "அந்தம்மா என்ன பண்ணாங்கன்னா..." என்று இழுத்து நின்றால், சிமெண்ட் கடைத் தம்பி எங்களை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிட்டான் என்று பொருள். தம்பிக்கு முப்பத்தொன்று வயது, எடை 108 கிலோ. வந்தபோது 121. மூட்டையைத் தூக்குகிற உடம்பு, ஆனால் ஒரு பக்கம் ஓடினால் முகம் செக்கச் சிவந்துவிடும். அவன் எடையைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. வீட்டில் அவன் அம்மாவும் பெண்டாட்டியும் போதிய அளவு பேசுகிறார்கள்.

மூன்று பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் நடை. இதுதான் எங்கள் முறை. இதை நாங்கள் சோம்பேறித்தனத்தில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஜெஃப் காலோவே என்கிற அமெரிக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர், புதிதாக ஓட வருகிறவர்களுக்கு இப்படி நடுநடுவே நடக்கச் சொல்லித்தான் எழுபதுகளிலிருந்தே கற்றுக்கொடுத்தார் என்று மகள் படித்துச் சொன்னாள். களைத்த பிறகு நடக்கக்கூடாதாம், களைப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட வேண்டுமாம். அன்றிலிருந்து நடக்கிற பக்கத்தில் எங்கள் தலை நிமிர்ந்திருக்கிறது. போனில் வட்டிக்கணக்கு பேசுகிற அண்ணன், "என்னம்மா, நின்னுட்டீங்க?" என்றால், "ஒலிம்பிக் முறைண்ணே" என்கிறார் டீச்சரக்கா.

துணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மிஷின் என்னை மன்னிக்காது. பெண்கள் ஓட வருவதற்குத் தடையே பாதி துணிதான். சுடிதாரில் துப்பட்டாவை என்ன செய்வது, சாவியை எங்கே வைப்பது, போனை எங்கே வைப்பது. கடையில் விற்கிற லெக்கின்ஸில் பாக்கெட் வைக்க மாட்டேன் என்று கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சத்தியம் செய்திருக்கிறார்கள். நான் இடுப்புப் பட்டியைப் பிரித்து, பின்பக்கம் உள்ளுக்குள் போன் அளவுக்கு ஒரு பை வைத்துத் திரும்ப ஓவர்லாக் அடித்துக் கொடுக்கிறேன். இதுவரை பதினேழு பேருக்கு. டாப்பின் முதுகில் ஒளி அடித்தால் மின்னுகிற டேப் ஒரு கோடு, வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரிய. உள்ளாடை விஷயமும் சொல்லிவிடுகிறேன். தோள்பட்டைப் பட்டியை இறுக்கினால் பிடிமானம் வராது, தோள்தான் வெட்டும். நெஞ்சுக்குக் கீழே சுற்றி வருகிற பட்டை அகலமாக, இறுக்கமாக, ரெண்டு விரல் நுழைகிற அளவுக்கு இருக்க வேண்டும். ஓடினால் அக்குள் பக்கம் உரசிப் புண்ணாகிறது என்று எத்தனையோ பேர் இதைக் கேட்க வெட்கப்பட்டே ஓட்டத்தை விட்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிக்கொண்டு வாருங்கள். கேளுங்கள், நான் தையல்காரி, என்னிடம் என்ன வெட்கம்.

என் கடைக்கு வருகிற ஒரு அக்காவுக்கு நான் ஓடுவது பிடிக்காது. "நாப்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையா? கர்ப்பப்பை இறங்கிரும்." நான் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வேறு மாதிரி. "ஓடுறேங்கிற, இளைச்ச மாதிரியே இல்லையே." இதற்கும் குண்டூசிதான். ஒருநாள் ஃபௌஜா சிங் கதையைச் சொன்னேன். பஞ்சாபில் பிறந்து லண்டனில் இருந்த பெரியவர், எண்பதைத் தாண்டித்தான் மும்முரமாக ஓட ஆரம்பித்தவர். 2011-இல் டொராண்டோவில் 100 வயதில் ஒரு முழு மாரத்தானை, 42 கிலோமீட்டருக்கு மேல், ஓடி முடித்தார். எட்டு மணி நேரத்தைத் தாண்டியது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸில் சேர்க்கவில்லை. அந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க அப்பத்தாவுக்குந்தான் சர்ட்டிபிகேட் கிடையாது, அதுக்காக ஓடிச்சா?" என்றார். வாயில் ஊசி இருந்தும் சிரித்துவிட்டேன்.

போன வருஷம் நாங்கள் நாலு பேர் காசு கட்டி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டோம். எந்த ஓட்டம் என்று சொல்லப்போவதில்லை. ஆளுக்கு அறுநூறு ரூபாய். டீசர்ட், மெடல், காலைச் சாப்பாடு, ரெண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். ரெண்டு மணி நேரம் என்றால் எங்களுக்குத் தாராளம். அதை நம்பித்தான் பணம் கட்டினோம். ரயில்வே அண்ணன் மட்டும் ஓடவில்லை, முடிகிற இடத்தில் நிற்கிறேன் என்றார்.

ஆறாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை இருந்தது, தண்ணீர் இல்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பையன் எங்களைப் பார்த்துப் பதறி, தன் சொந்த பாட்டிலை நீட்டினான். அந்தப் பிள்ளை நன்றாயிருக்கட்டும். எட்டில் வழி மறித்து நின்ற தடுப்புகளை எடுத்துவிட்டார்கள், ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ஓடினோம். கார் ஒன்று பக்கத்தில் மெதுவாக வந்து, உள்ளேயிருந்த இளைஞர், "ஆன்ட்டி, வேணும்னா ஏறிக்கங்க, விட்டுடுறோம்" என்றார். நல்ல மனசில்தான் கேட்டார். டீச்சரக்கா ஓடிக்கொண்டே, "நாப்பது நிமிஷம் பாக்கி இருக்கு தம்பி, நோட்டீஸைப் படிங்க" என்றார். முழு வாக்கியம், திக்கவில்லை.

முடிகிற இடத்தை அடைந்தபோது 1 மணி 46 நிமிடம். முடிகிற இடத்தில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவில் காற்றை இறக்கிவிட்டிருந்தார்கள், பெரிய பலூன் மாதிரி ரோட்டில் சுருண்டு கிடந்தது. நேரம் காட்டுகிற கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. பரிசு வாங்கியவர்களின் போட்டோவும் முடிந்துவிட்டது. மெடல் தீர்ந்துவிட்டது, கூரியரில் வரும் என்றார்கள். பொங்கலும் தீர்ந்துவிட்டது, அது கூரியரில் வராது. அந்தச் சுருண்ட வளைவின் அருகில் ரயில்வே அண்ணன் ஒற்றை ஆளாக நின்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சிமெண்ட் தம்பி ஒருவன்தான் பாக்கி. அவன் வந்ததும் அண்ணன் விரலை மடக்கினார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்த மனுஷன் கத்தி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எல்.வி. பார்க்காம லைன் கிளியர் குடுத்துட்டீங்களேய்யா!" நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

தம்பி அழுதான். 108 கிலோ உடம்பு நடுரோட்டில் நின்று அழுதால் மறைக்க முடியாது. அதுதான் அவனுடைய முதல் பத்து கிலோமீட்டர். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க வந்திருந்தாள், எதன் முன்னால் நிற்க வைத்து எடுப்பது என்று தெரியாமல் நின்றாள். பக்கத்து ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். இட்லி வருவதற்குள் டீச்சரக்கா ஒரு ஜப்பான்காரர் கதை சொன்னார். ஷிசோ கனகுரி என்று பேர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடினார். அன்றைக்கு அங்கே கொடும் வெயில். பாதி வழியில் மயங்கி, வழியில் இருந்த ஒரு வீட்டுக்காரர்கள் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் படுத்தவர், வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே கணக்கில் ஆளைக் காணோம். பிறகு 1967-இல் அவரைத் தேடி அழைத்து வந்து, எழுபத்தைந்து வயதில் மீதியை ஓடி முடிக்க வைத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. "அம்பத்தி நாலு வருஷம் கழிச்சும் எல்.வி.யப் பார்த்துத்தான் விட்ருக்கான் சுவீடன்காரன்" என்றார் ரயில்வே அண்ணன். தம்பி ஆறு இட்லி சாப்பிட்டான்.

மெடல் மூன்று வாரம் கழித்து வந்தது. தகரம்தான், ஆனால் ரிப்பன் நல்ல சாட்டின், ஒண்ணரை இஞ்ச் அகலம். வெட்டி எடுத்து ஓரம் மடித்து, சாவி மாட்டிக்கொள்ள வளையம் தைத்துவிட்டேன். தம்பி மட்டும் அதைக் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான்.

தெப்பக்குளத்தில் எங்களைச் சுற்றிச் சுற்றித் தாண்டிப் போகிற இன்னொரு கூட்டம் உண்டு. போலீஸ் செலக்‌ஷனுக்குப் பழகுகிற பையன்கள். நாங்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர்கள் ரெண்டு சுற்று போய்விடுவார்கள். ஆம்பளைப் பையன்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். என் இஞ்ச் டேப்பின் பின்பக்கம் 150 சென்டிமீட்டர். ஆயிரம் டேப் தூரத்தை ஏழு நிமிடத்தில்! கேட்டபோதே எனக்கு மூச்சு முட்டியது. அவர்களில் ஒருவன், வரிச்சியூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வருகிறவன், ஒவ்வொரு நாளும் ஏழு இருபது, ஏழு இருபத்தைந்து என்று முடித்துவிட்டு மதிலில் தலையை முட்டிக்கொண்டு நிற்பான். மற்ற பையன்கள் அவனைப் பார்த்து "கமான்டா, கமான்டா" என்று கத்துவார்கள். கத்தக் கத்த அவன் இன்னும் வேகமாகத் தொடங்கி இன்னும் சீக்கிரம் செத்துப்போவான்.

ரயில்வே அண்ணன் ஒரு வாரம் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் 300 மீட்டர் என்றால் ஐந்து பக்கம் 1500. ஏழு நிமிடம் என்பது 420 விநாடி. ஐந்தால் வகுத்தால் பக்கத்துக்கு 84 விநாடி. பையன் முதல் பக்கத்தை 66 விநாடியில் ஓடுகிறான், மூன்றாவது பக்கத்திலிருந்து நூறைத் தொடுகிறது. "தம்பி, நீ வேகம் பத்தாம தோக்கல. வேகம் கூடித் தோக்குற" என்றார். அவன் இவரை ஏற இறங்கப் பார்த்தான். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் ஓடுகிற கிழவர் வேகத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரே வேகத்தில் ஓடுவது என்கிற ஒரு வித்தையில் எங்களை அடிக்க ஆளில்லை. எங்களிடம் இருப்பதே அந்த ஒரு வேகம்தான்.

மறுநாளிலிருந்து நாலு மூலைக்கும் நாலு பேர் நின்றோம். முதல் மூலையில் டீச்சரக்கா, 1.24. ரெண்டாவது மூலையில் நான், 2.48. மூன்றாவதில் சிமெண்ட் தம்பி, 4.12. நாலாவதில் மதினி, 5.36. திரும்ப டீச்சரக்கா இருக்கிற மூலையில் ஏழு. அவன் கடக்கும்போது "நாலு செகண்டு கூட", "ரெண்டு கம்மி", அவ்வளவுதான் சொல்ல வேண்டும், வேறு பேச்சு கூடாது என்று அண்ணன் உத்தரவு. மதினிக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது, "ரெண்டு கம்மி சாமி, என் ராசா" என்று சேர்த்துவிடுவார். முதல் நாள் டீச்சரக்கா "பைய! பைய!" என்று அலறிய அலறலில் நடக்க வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். மூன்றாவது வாரம் 6.51-இல் முடித்தான். நாலு மூலையில் இருந்தும் நாங்கள் கத்தியதில் குளத்தில் இருந்த நாரைகள் கிளம்பிவிட்டன.

செலக்‌ஷனில் ஓட்டத்தைப் பாஸ் பண்ணிவிட்டான். கயிறு ஏறுவதில் மார்க் போய், லிஸ்ட்டில் பேர் வரவில்லை. கயிறுக்கு எங்களிடம் வைத்தியம் கிடையாது. மறுபடி வருகிறான், இப்போதும் சைக்கிளில்தான். எங்களைத் தாண்டும்போது "பைய!" என்று கத்திவிட்டுப் போகிறான். தெரியாதவர்கள் கேட்டால் கிண்டல் என்று நினைப்பார்கள்.

ஊர் எங்களை நன்றாகக் கவனித்துக்கொள்வது சித்திரையில்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். பந்தல்காரர்களுக்கு நாங்கள் ஓடுகிறவர்களா, அழகரைப் பார்க்க வந்தவர்களா என்ற கணக்கெல்லாம் இல்லை, வியர்த்திருந்தால் டம்ளரை நீட்டுவார்கள். உப்பும் இஞ்சியும் போட்ட மோருக்குப் பக்கத்தில் கடையில் விற்கிற கலர்த் தண்ணீர் நிற்குமா? மற்ற நாளில் ஓட்டம் முடிந்து பருத்திப்பால்தான். வண்டிக்காரர் எங்கள் தலையைக் கண்டாலே சுக்கைக் கூடப் போடுவார். தைத் தெப்பத்தின்போது மட்டும் எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் குளத்தைச் சுற்றுவார்கள். ஓடுவதற்கு ஒரு அடி இடம் கிடைக்காது.

இந்த வருஷம் ஆனி மாதத்திலிருந்து எனக்கு ஓட்டம் இல்லை. வலது குதிகால். காலையில் கட்டிலை விட்டு முதல் அடி வைத்தால் கண்ணாடித்துண்டை மிதித்த மாதிரி. நாலு எட்டு நடந்தால் குறையும். உள்ளங்கால் சவ்வு வீக்கம், ஓட்டம் பாதி, மிஷின் மோட்டாரைப் பத்து மணி நேரம் அதே காலால் அமுக்குவது பாதி என்றார் பிசியோதெரபிஸ்ட். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து, உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுகிறேன். சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை இழுக்கிறேன். பெடலை இடது காலுக்கு மாற்றியிருக்கிறேன். முதல் நாள் தைத்த பட்டி பாம்பு மாதிரி வளைந்து போனது, பிரித்து மறுபடி தைத்தேன்.

ஓடாமல் வீட்டில் இருந்த முதல் வாரம் யாருக்கும் போன் எடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை நாலே முக்காலுக்குச் சிமெண்ட் தம்பி வாசலில் ஹாரன் அடித்தான். "அண்ணன் உங்களக் கூட்டியாரச் சொன்னாருக்கா. அவருக்குக் கண் ஆபரேஷனாம், மூணு வாரம் வர மாட்டாராம். எண்ணுறதுக்கு ஆள் இல்ல." மறுக்கவா முடியும்? பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அப்படித்தான் படியில் வந்து உட்கார்ந்தேன். ஓடுவதை விட எண்ணுவது கஷ்டம். யார் நாலாவது, யார் ஐந்தாவது, மதினி நடுவில் பருத்திப்பால் குடிக்க நின்றாரா இல்லையா, எல்லாவற்றையும் மனசில் வைக்க வேண்டும். நான் இஞ்ச் டேப்பைக் கொண்டுபோய், ஒவ்வொருவர் கடக்கும்போதும் ஆளுக்கொரு குண்டூசியை அவரவர் எண்ணில் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டீச்சரக்காவுக்கு எட்டுச் சுற்று. முந்தின நாள் இரவு பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கம் இல்லை. ஐந்தாவது சுற்றில் மாமியார் கதை நின்றுவிட்டது. ஆறு முடிந்து என்னைக் கடக்கும்போது முகம் வெளுத்து, புடவைத் தலைப்பு தேடுகிற கை வெறும் டாப்பைத் தடவிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில், "இன்னும் கொஞ்சந்தான்னு சொல்லேன்" என்று இருந்தது. ஊசியைப் பார்த்தேன். ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"நீ நல்லா இருப்படி" என்று திட்டிக்கொண்டே திரும்பினார். "ஒண்ணுன்னு சொன்னா ஒன் வாயி என்ன வெந்தா போயிரும்?"

முழு வாக்கியம். திக்கவில்லை. விட்டுவிட்டேன், ஓடட்டும்.